பித்தனின் புத்தகங்கள் – 6: சேர்த்ததும் விட்டதும்

இதுவரை…

1906 ஏப்ரல் 25ஆம் தேதி கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சொ. விருத்தாசலம் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை நிலப் பதிவுத் துறையில் தாசில்தார். அவருக்கு மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் வீடு மாறியது, பள்ளிக்கூடமும் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்குள்ளேயே சுற்றினார்கள். எட்டு வயதில் தாய் பார்வதம்மாள் இறந்தார். 1918இல் தந்தை ஓய்வுபெற்றதும் குடும்பம் பூர்வீகமான திருநெல்வேலிக்குத் திரும்பியது.

உலகம் அவரை நெல்லைக்காரராகவே அறியும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் களமருதூரிலும் கல்வராயன் மலை அடிவாரத்திலும் இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்ளலாம்: அவர் எழுதப் படிக்கப் பழகிய ஊர்களில் கள்ளக்குறிச்சியும் ஒன்று.

நெல்லை இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. முடித்தார். 1933 அக்டோபரில் 'காந்தி' பத்திரிகையில் 'குலோப்ஜான் காதல்' என்ற கட்டுரை வெளிவந்தது. 1934 ஏப்ரலில் 'மணிக்கொடி'யில் 'ஆற்றங்கரைப் பிள்ளையார்' வந்தது. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். அடுத்த சில ஆண்டுகளில் பத்திரிகைகளில் கதைகள் குவிந்தன. ஆனால் அவர் பெயரில் ஒரு சிறுகதைத் தொகுப்புகூட இல்லை.

அது எப்போது வந்தது? அதில் எந்தக் கதை ஏறுவது, எது இறங்குவது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

★

வாரப் பத்திரிகையின் பசி

புத்தகத்துக்கு வருமுன் அந்தக் கதைகள் பிறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

'மணிக்கொடி' 1933 செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கிய வார இதழ். கு. சீனிவாசன், வ. ராமசாமி, டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் நடத்தினார்கள். தேச விடுதலை பேசத்தான் முதலில் வந்தது. இலக்கியம் அதில் ஒரு பகுதி. 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே நடக்கும் இதழாக மறுபிறவி எடுத்தது. ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், மௌனி, சி.சு. செல்லப்பா என்று ஒரு தலைமுறையே அதன் பக்கங்களில் எழுதியது. எழுத்துக்குக் குறைவில்லை. காசுக்குத்தான் எப்போதும் முடை.

ஒரு வார இதழுக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை பசிக்கும். எழுதத் தெரிந்தவர் ஆசிரியர் குழுவுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் கதையும் எழுதுவார், கட்டுரையும் எழுதுவார், மதிப்புரையும் எழுதுவார். பக்கம் காலியாக இருந்தால் மொழிபெயர்ப்பும் தருவார். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வராமலிருக்கப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்.

புதுமைப்பித்தனும் அப்படித்தான் பெருகினார். சொ.வி., நந்தன், கூத்தன், மாத்ரு, கபாலி, சுக்ராச்சாரி, ரசமட்டம் என்று நீளும் அந்தப் பட்டியல். கவிதை எழுத மட்டும் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்று ஓர் ஆளையே உண்டாக்கிக்கொண்டார். எந்த எழுத்து எந்தப் பெயரில் போயிற்று என்பதற்கு அவரிடம் பேரேடு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

1934ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னகரம்', 'கவந்தனும் காமனும்', 'இது மிஷின் யுகம்', 'சங்குத் தேவனின் தர்மம்', 'அகல்யை' எல்லாம் அந்த ஒரே ஆண்டின் விளைச்சல். மறுவருஷம் 'துன்பக் கேணி'யும் 'சிற்பியின் நரகம்' கதையும். முதலாவது திருநெல்வேலிக் கிராமம் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் மருதியின் கதை. இரண்டாவது, தன் சிலை கோயில் கருவறைக்குள் போய்க் கடவுளாகிவிடுவதைக் கண்டு அலறும் ஒரு சிற்பியின் கதை. இரண்டையும் எழுதியவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

'பொன்னகரம்' சில பக்கங்களுக்குள் அடங்கும் கதை. மில் கூலி அம்மாளு. குதிரைவண்டிக்காரக் கணவன் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு திரும்புகிறாள். கடைசி வரியில் கதாசிரியர் தமிழ்நாட்டின் ஒழுக்கப் பெருமையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த வார்த்தையின் சூடு ஆறவில்லை.

ஆனால் இதழ் படித்து முடித்ததும் என்ன ஆகும்? மளிகைக்கடைப் பொட்டலம் ஆகும். பத்திரிகைக் கதைக்கு ஆயுள் ஒரு வாரம்.

★

1940

புத்தகம் வந்தது. நவயுகப் பிரசுராலயம் வெளியிட்டது. தலைப்பில் ஜோடனை எதுவும் கிடையாது: 'புதுமைப்பித்தன் கதைகள்'. ஆங்கிலப் பேராசிரியர் ரா.ஸ்ரீ. தேசிகன் முன்னுரை எழுதினார்.

அதற்கு முன்னும் தமிழில் சிறுகதை நூல்கள் உண்டு. வ.வே.சு. ஐயரின் 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுப்பு 1917லேயே வந்துவிட்டது. ஆனால் 1940இல் சிறுகதைப் புத்தகம் போடுவது வியாபாரக் கணக்குக்கு ஒத்துவராத காரியம். வாசகர்கள் கதையைப் பத்திரிகையில் படித்துப் பழகியிருந்தார்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கினால் அது தொடர்கதையின் தொகுப்பாக இருக்க வேண்டும், அல்லது துப்பறியும் நாவலாக. ஏற்கெனவே படித்து எறிந்த சிறுகதைகளை இன்னொரு முறை யார் வாங்குவார்கள்?

இங்கேதான் சற்று நிற்க வேண்டும்.

பத்திரிகையில் எழுதும்போது ஆசிரியருக்கு முன்னால் இருப்பது கெடு. புத்தகம் போடும்போது அவருக்கு முன்னால் இருப்பது அவருடைய பழைய எழுத்து. ஏழு வருஷத்து இதழ்களை விரித்துவைத்துக்கொண்டு, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். தன் எழுத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் தரும் முதல் தீர்ப்பு அதுதான். புதுமைப்பித்தன் தன் பத்திரிகைக் கதைகள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு மூட்டை கட்டவில்லை. சேர்த்தார். விட்டார். சேர்த்தவற்றுக்குப் பல பதிப்புகள் வந்தன. விட்டவற்றை அப்போது யாரும் கேட்கவில்லை.

★

பெய்ஜிங்கில் ஒரு புத்தகம்

இதே காரியத்தைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் ஒருவர் செய்திருந்தார்.

ஜோ ஷுரென் என்று பெயர். 1881இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஜப்பான் போய், படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர். 1918 மே மாதம் 'புதிய இளைஞன்' இதழில் 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' என்ற கதையை எழுதினார். பண்டிதர் மொழியை விட்டுவிட்டுப் பேச்சுமொழியில் எழுதிய அந்தக் கதையோடு நவீன சீனச் சிறுகதை தொடங்கியது என்பார்கள். அதில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் லூ சுன். அந்தப் பெயரே நிலைத்தது. ஆனாலும் 1921 டிசம்பரில் 'ஆ க்யூவின் உண்மைக் கதை'யைப் பெய்ஜிங் நாளிதழின் இணைப்பில் தொடராக எழுதியபோது இன்னொரு பெயருக்குள் ஒளிந்துகொண்டார். எழுதுவது யாரென்று தெரியாமல், தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்களோ என்று பலர் பயந்ததாகச் சொல்வார்கள்.

1923இல் தன் கதைகளைத் தொகுத்து 'அறைகூவல்' என்ற முதல் சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். அதில் பதினைந்து கதைகள்.

1930இல் மறுபதிப்பு வந்தபோது பதினான்குதான் இருந்தன. கடைசிக் கதையை, மனிதரைப் படைத்த நூவா என்ற தேவியைப் பற்றிய புராணக் கதையை, ஆசிரியரே உருவிவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து அதை வேறு தலைப்பில், பழங்கதைகளைப் புதிதாகச் சொல்லும் இன்னொரு தொகுதியில் முதல் கதையாக வைத்தார். கதை கெட்டுப்போகவில்லை. இருந்த இடம் சரியில்லை என்று அவருக்குப் பட்டது, அவ்வளவுதான். தன் புத்தகத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அந்த மனிதருக்கு அத்தனை பிடிவாதம்.

1936 அக்டோபரில் ஷாங்காயில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. 1938இல், ஜப்பானியப் படையெடுப்புக்கு நடுவில், அவருடைய முழுத் தொகுப்பு 20 தொகுதிகளாக வெளிவந்துவிட்டது. அதில் ஏறக்குறைய பாதி மொழிபெயர்ப்புகள். சொந்த எழுத்து தனி, மொழிபெயர்ப்பு தனி என்று வரப்பு வெட்டியிருந்தார்கள்.

அந்த வரப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையில் பின்னால் வெடிக்கப் போவது அந்த இடத்தில்தான்.

★

தழுவல் என்ற திருட்டு

1937. மணிக்கொடியின் பக்கங்களில் ஒரு சண்டை.

ஒரு பக்கம் கல்கி. அப்போது ஆனந்த விகடனின் ஆசிரியர், தமிழ்நாட்டில் அதிகம் வாசிக்கப்பட்டவர். மறுபக்கம் புதுமைப்பித்தன். பிரச்சினை: வெளிநாட்டுக் கதையைத் தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது?

அந்நாளில் தழுவல் சர்வசாதாரணம். பாரிஸ் மயிலாப்பூர் ஆகும். துரைசானி மாமியாவாள். குதிரைக் கோச்சு ஜட்கா ஆகும். மூல ஆசிரியர் பெயர் சில சமயம் இருக்கும், பல சமயம் இருக்காது. அந்நியப் பெயர்களும் பழக்கவழக்கங்களும் சாமானிய வாசகரை மிரட்டிவிடும், அதனால் தழுவலே நல்லது என்பது ஒரு கட்சி.

புதுமைப்பித்தனுக்கு அது ஒப்பவில்லை. பிறமொழிக் கதை பிறமொழிக் கதையாகவே, தன் ஊரோடும் பேரோடும், எழுதியவர் பெயரோடும் வர வேண்டும். அதுதான் மொழிபெயர்ப்பு. தழுவல் இலக்கியத் திருட்டு. இதுதான் அவர் நிலை. ரசமட்டம் என்ற பெயரில் கல்கியின் எழுத்தை அவர் அலசியதும் இந்தப் பகையின் இன்னொரு கிளை.

சொன்னதைச் செய்தும் காட்டினார். செகாவ், மாப்பசான், கார்க்கி, குப்ரின், காஃப்கா, பிராண்டெல்லோ, எட்கர் ஆலன் போ, ஜப்பானின் ஷிமாசாகி தோசோன் என்று ஆங்கிலம் வழியாகக் கிட்டத்தட்ட ஐம்பது கதைகளை மொழிபெயர்த்தார். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் 'பிரேத மனிதன்' ஆயிற்று. காஃப்காவின் பெயர் ஐரோப்பாவிலேயே பரவலாகத் தெரியாத நாளில் அவர் தமிழில் வந்துவிட்டார்.

தழுவலைத் திருட்டென்று அச்சில் சொன்னவர் என்பதை அவருடைய எதிரிகள் மறக்கவில்லை. பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டார்கள்.

★

பகலில் தினமணி, இரவில் காஞ்சனை

வயிற்றுப்பாட்டுக்கு நாளிதழ். டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த 'தினமணி'யில் புதுமைப்பித்தன் உதவி ஆசிரியர். செய்தி மொழிபெயர்ப்பு, மதிப்புரை, மலர் வேலை எல்லாம் உண்டு. மனைவி கமலாம்பாள் பல காலம் திருவனந்தபுரத்தில். இவர் சென்னையில். இடையில் தபால்காரர். அந்தக் கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்று தனிப் புத்தகமாயின. அவற்றில் பாதி அன்பு, பாதி மணியார்டர் கணக்கு.

ஐரோப்பாவில் போர் மூண்டபோது அரசியல் புத்தகங்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. முசோலினியைப் பற்றி 'பாசிஸ்ட் ஜடாமுனி', ஹிட்லரைப் பற்றி ந. ராமரத்னத்தோடு சேர்ந்து 'கப்சிப் தர்பார்'. தலைப்புகளிலேயே நையாண்டி தெரியும். சர்வாதிகாரியை நம்மூர் வேப்பமரத்து முனியாக்கிவிட்டார். 1941இல் 'ஆறு கதைகள்', 'நாசகாரக் கும்பல்' என்று சிறு நூல்கள் வந்தன.

பிறகு 1943.

அவர் வாழ்க்கையில் எழுத்து உச்சத்தைத் தொட்ட வருஷம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். 'காஞ்சனை', 'செல்லம்மாள்', 'சாப விமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நான்கும் ஒரே வருஷத்தில், ஒரே பத்திரிகையில், கலைமகளில் வந்தன.

செல்லம்மாள் இறந்துபோவதில் கதை தொடங்குகிறது. ஜவுளிக்கடைச் சிப்பந்தியான கணவர் பிரமநாயகம் பிள்ளை சடலத்துக்குப் பக்கத்தில் விடிவதற்காகக் காத்திருக்கிறார். அழுகையில்லை, ஆர்ப்பாட்டமில்லை. வெந்நீர் போடுகிறார். மனைவியை விட்டால் நாதியற்ற ஒரு பட்டணவாசியின் இரவு அது.

கந்தசாமிப் பிள்ளையோ வேறு ரகம். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். பிராட்வே முனையில் டிராமா, பஸ்ஸா, மிச்சக் காசுக்கு வெற்றிலையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளைவாள் பரவசப்படவில்லை. காப்பிக் கடைக்குக் கூட்டிப்போகிறார், கையோடு தன் பத்திரிகைக்கு இருபத்தைந்து ரூபாய் ஆயுள் சந்தாவும் கேட்டுவிடுகிறார். சந்தா யாருடைய ஆயுளுக்கு என்பதில்தான் சிக்கல்.

'சாப விமோசனம்' கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1934இல் எழுதிய 'அகல்யை'யில், நடந்ததைப் புரிந்துகொண்டு மன்னிக்கும் கௌதமனோடு கதை முடிந்துவிடுகிறது. இளைஞனின் கதை அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே அகலிகையிடம் திரும்பி வந்தபோது அவருக்குக் கணவனின் பெருந்தன்மை போதவில்லை. கல்லாகிப் பெண்ணானவள் ஊராரின் பார்வைக்கு அஞ்சி அஞ்சி வாழ்கிறாள். காட்டிலிருந்து திரும்பிய சீதை, தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். தன்னை மீட்டெடுத்த ராமனா அதைக் கேட்டது? அகலிகை மறுபடி கல்லாகிறாள். சீனத்து லூ சுன் தன் நாட்டுப் புராணங்களை வைத்துச் செய்ததும் இதே வகைக் காரியம்தான். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் பாட்டி கதைகளை நிகழ்காலத்தின் விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள்.

அந்த ஆண்டே 'காஞ்சனை' தொகுதியைக் கலைமகள் வெளியிட்டது. இம்முறை முன்னுரையைப் புதுமைப்பித்தனே எழுதினார். உலகத்துக்கு உபதேசம் செய்து கரையேற்றுவது தன் கதைகளின் வேலையல்ல என்று அதில் சொல்லிவிட்டார். இன்ஷுரன்ஸ் கம்பெனியின் மீதும் ஒரு கிண்டல் வைத்தார். லூ சுன் தன் முதல் தொகுதியின் முன்னுரையில் நேர்மாறான கேள்வியோடு மல்லுக்கட்டியிருந்தார்: ஜன்னலில்லாத இரும்பு வீட்டுக்குள் மூச்சடைத்து உறங்குகிறவர்களை எழுப்புவது கருணையா, கொடுமையா? எழுப்பத்தான் வேண்டும் என்று எழுத வந்தவர் அவர். எழுப்புவது என் தொழிலல்ல என்று அறிவித்துவிட்டு வந்தவர் இவர். ஆனால் மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்க, ஊர் தன்பாட்டில் கடந்துபோவதைச் சொல்லும் 'மகாமசானம்' கதையைப் படித்த யாருக்கும் அன்றிரவு எளிதில் தூக்கம் வந்திராது.

★

ஐந்தே ஆண்டுகள்

அதே 1943இல் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு வெளியேறினார். அவரோடு வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கும் ஒட்டவில்லை.

அடுத்தது சினிமா. ஜெமினியின் 'அவ்வையார்' படத்துக்கு எழுதினார். 'காமவல்லி'க்கு எழுதினார். அம்மாவின் பெயரில் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கி, 'வசந்தவல்லி' எடுக்கத் திட்டமிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். 1946இல் மகள் தினகரி பிறந்தாள். குடும்பம் பெருகியது, வருமானம் பெருகவில்லை.

சிறையிலிருந்து வெளிவந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் 'ராஜமுக்தி' எடுக்கத் தொடங்கினார். அந்தப் படத்துக்கு எழுதப் புதுமைப்பித்தன் புனாவுக்குப் போனார். அங்கே காசநோய் முற்றியது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது, ஏழைக்கு எட்டாத விலையில். திருவனந்தபுரத்துக்குத் திரும்பியவர் 1948இல் அங்கேயே இறந்தார். வயது 42. 'ராஜமுக்தி' திரைக்கு வந்தபோது அவர் இல்லை.

கதைகள் கிட்டத்தட்ட நூறு. உயிரோடிருந்தபோது புத்தகத்தில் ஏறியவை 48.

மிச்சக் கதைகள் எங்கே இருந்தன? பழைய மணிக்கொடியில், 'ஊழியன்' இதழில், தினமணி மலர்களில். யார் வீட்டுப் பரணிலோ, எந்த நூலகத்தின் கட்டுப் பிரிந்த தொகுதியிலோ. அதிலும் எந்தப் பெயரில்? நந்தன் என்று போட்டிருப்பது அவரா, வேறு நந்தனா?

★

பரணிலிருந்து இறங்கியவை

முதலில் கிளம்பியவர் தொ.மு.சி. ரகுநாதன். நெல்லைக்காரர், நண்பர், சீடர். மூன்றே ஆண்டுகளில், 1951இல், 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதினார். தமிழ் எழுத்தாளர் ஒருவருக்கு இவ்வளவு விரைவில் முழு வாழ்க்கை வரலாறு கிடைப்பது அபூர்வம்.

பதிப்பாளர்களும் கிளம்பினார்கள். இறந்த எழுத்தாளரின் புகழ் ஏறிக்கொண்டிருந்தது. 1950களில் ஸ்டார் பிரசுரமும் பிறரும் அடுத்தடுத்துத் தொகுதிகளை வெளியிட்டார்கள். 'விபரீத ஆசை', 'அவளும் அவனும்', 'புதிய ஒளி', 'சித்தி' என்று கிடைத்ததெல்லாம் அச்சேறியது. அவர் விட்டுப்போன 'சிற்றன்னை' என்ற குறுநாவல்தான் பின்னாளில், 1979இல், மகேந்திரன் கையில் 'உதிரிப்பூக்கள்' திரைப்படமாயிற்று. தோண்டத் தோண்டப் பொன் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது.

ஆனால் தோண்டும்போது கிடைப்பதெல்லாம் பொன்னாக இருப்பதில்லை.

'சமாதி', 'நொண்டி', 'பயம்', 'கொலைகாரன் கை', 'நல்ல வேலைக்காரன்', 'அந்த முட்டாள் வேணு'. இந்த ஆறு கதைகளும் புதுமைப்பித்தனின் கதைகளாக வாசகர் கைக்கு வந்தன. படித்தவர்களில் சிலர் மாப்பசானையும் படித்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஊரும் பேரும்தான் வேறு. எலும்புக்கூடு பிரெஞ்சுக்காரருடையது.

தழுவல்கள்! தழுவலைத் திருட்டு என்று 1937இல் முழங்கியவரின் பெயரிலேயே.

முடிந்துவைத்திருந்தவர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். மாப்பசானிடமிருந்து எடுத்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தது 'தமிழ் படித்த பெண்டாட்டி' ஒன்றைத்தான். அப்படியானால் மற்றவை? ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறு சமையலா?

ரகுநாதன் விடவில்லை. அவர் பதிலின் சாரம் இது: இந்தக் கதைகள் புதுமைப்பித்தன் உயிரோடிருந்தபோது வந்த எந்தத் தொகுப்பிலும் இல்லை. பத்திரிகையின் பக்கத்தை நிரப்ப எழுதியதை அவர் புத்தகத்துக்குக் கொண்டுபோகவில்லை. தன் கதை என்று அவர் உரிமை கொண்டாடாததை, அவர் செத்தபிறகு மற்றவர்கள் எடுத்துச் சேர்த்துவிட்டு அவரைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? அரை நூற்றாண்டுக்குப் பிறகும், 1999இல், இதற்கென்றே ஒரு தனிப் புத்தகம் எழுதினார்.

எதிர்த் தரப்பு கேட்டது: புத்தகத்தில் சேர்க்கவில்லை, சரி. பத்திரிகையில் வந்தபோது மூல ஆசிரியரின் பெயரை ஏன் போடவில்லை?

லூ சுன்னுக்கு இந்தச் சங்கடம் வரவில்லை. எது தன்னுடையது, எது மொழிபெயர்ப்பு, எது எந்தத் தொகுதியில் என்று அவரே வரப்பு கட்டிவிட்டுப் போயிருந்தார். பின்னால் வந்த பதிப்புக் குழு அந்த வரப்பின் மேலேயே நடந்தது. புதுமைப்பித்தனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டு பெரிய தொகுதிகள், சில சிறு நூல்கள், 1947இல் 'ஆண்மை' என்பதோடு அவர் தெரிவு நின்றுபோனது. புத்தகத்தில் இல்லாத ஐம்பது கதைகளில் எதை அடுத்த தொகுதிக்கு எடுத்துவைத்திருந்தார், எதைக் கைகழுவியிருந்தார் என்று எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை.

கால வரிசையில், முதலில் வந்த இதழோடு ஒப்பிட்டு, பாடம் பார்த்து, ஒவ்வொரு கதைக்கும் பிறப்புச் சான்றிதழ் தேடும் பதிப்பு ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1990களில் இளம் ஆய்வாளர் ஒருவர் பழைய இதழ்களுக்குள் தலையைக் கொடுத்தார். பெயர் ஆ.இரா. வேங்கடாசலபதி. 1998இல் அவர் தொகுத்த 'அன்னை இட்ட தீ', எங்கும் சேராமல் கிடந்த எழுத்துகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2000இல் காலச்சுவடு பதிப்பாகக் கதைகளின் செம்பதிப்பு. அதன் பிறகு 2002இல் அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. சீனத்தில் இரண்டே ஆண்டில் முடிந்த வேலைக்குத் தமிழில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

செம்பதிப்புக்காரர் மேசைமீது இப்போது அந்த ஆறு கதைகள் கிடக்கின்றன. சேர்த்தால், ஆசிரியர் விட்டதைச் சேர்த்த பழி. விட்டால், அச்சில் வந்ததை மறைத்த பழி. புதுமைப்பித்தன் அவற்றைப் புத்தகத்துக்கு வெளியே நிறுத்தியது மறதியாலா, அல்லது அது அவர் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட தீர்ப்பா?

(தொடரும்)